திறமை நுழைவுச்சீட்டு அல்ல

ஏப்ரல் 2 நெருங்கும்போது நம் கல்லூரிகள் பலவற்றில் ஒரு விழா தயாராகிறது. ஐ.நா. பொதுச்சபை 2007 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2008 முதல் அந்த நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். ஆடிட்டோரியத்தின் முகப்பில் நீல விளக்கு எரியும். குத்துவிளக்கு ஏற்றுவார்கள், சிறப்பு விருந்தினர் பேசுவார், ஒரு பேராசிரியர் பவர்பாயிண்ட் காட்டுவார். பிறகு நிகழ்ச்சியின் உச்சம். சிறப்புப் பள்ளியிலிருந்து அழைத்துவரப்பட்ட ஒரு பையன் கீபோர்டில் திரைப்பாடல் ஒன்றைப் பிசகில்லாமல் வாசிப்பான். அல்லது ஒரு சிறுமி, எந்தத் தேதியைச் சொன்னாலும் அதற்குரிய கிழமையைச் சொல்வாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். “இது குறைபாடு அல்ல, வரம்” என்று மைக்கில் ஒரு குரல் தழுதழுக்கும். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண்.

இந்த விழா ஒரு கருத்தின் மேல் நிற்கிறது. ஆட்டிசம் உள்ள ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருக்கிறார். அவரைக் கண்டுபிடித்து மேடையேற்றி உலகுக்குக் காட்டுவதுதான் நாம் அவருக்குச் செய்யும் நீதி. நல்ல மனம் படைத்தவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். பெற்றோர் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் போஸ்டரில் எழுதி ஒட்டுகிறார்கள். ஆகவே மறுத்துப் பேச வாயெடுப்பவர் கல்நெஞ்சக்காரராகத் தெரிவார். ஆயினும் மறுத்தாக வேண்டும். திறமையை மனித மதிப்புக்கான நுழைவுச்சீட்டாக்குகிறது இந்தக் கருத்து. அந்தச் சீட்டு இல்லாத பெரும்பான்மையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆட்டிச மனிதர்கள் உண்மையிலேயே படைத்த மிகப் பெரிய ஒன்றை நம் கண்ணில் படாமல் மறைக்கவும் செய்கிறது.

முதலில் இக்கருத்துக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். இது இதைவிட மோசமான ஒன்றின் இடத்தைப் பிடித்தது. 1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரையிலிருந்து ஆட்டிசத்தின் மருத்துவ வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அதற்குப் பிந்திய ஆண்டுகளில், தாயின் அன்பு போதாததால்தான் குழந்தை இப்படி ஆனது என்ற பழி பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அந்தப் பழிக்கு அறிவியல் சாயம் பூசியது. லண்டனில் லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் 1979இல் செய்த ஆய்விலிருந்து மூன்று குறைகளின் தொகுப்பு ஒன்று நிலைபெற்றது: சமூக உறவில் குறை, கருத்துப் பரிமாற்றத்தில் குறை, கற்பனையில் குறை. பெட்டல்ஹைமின் பழியை உடைத்தெறிந்தவர்களில் விங்கும் ஒருவர். அவரே ஆட்டிசம் உள்ள மகளின் தாய். ஆனால் அந்த மூன்றாவது குறை, கற்பனை இல்லாதவர்கள் என்ற முத்திரையாகப் பாடநூல்களில் தங்கிவிட்டது. நம் ஊரிலோ தாயின் மேல் பழி போட பெட்டல்ஹைம் தேவைப்படவில்லை. மாமியாரும் ஜாதகமும் போதும். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பையன் மேடையில் உட்கார்ந்து அழகாக வாசித்தால், அவனுடைய அம்மாவுக்கு அது வெறும் பாட்டு அல்ல; உறவினர் அத்தனை பேருக்கும் சொல்லும் பதில். அந்தப் பதிலைப் பறிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அந்தப் பதிலுக்கு அவர் ஏன் தள்ளப்பட்டார் என்பதே என் கேள்வி.

மேதைக் கதை எங்கிருந்து வந்தது? முக்கியமாகச் சினிமாவிலிருந்து. 1988இல் வந்த ‘ரெயின் மேன்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் நடித்த ரேமண்ட், தரையில் சிதறிய பல்குத்தும் குச்சிகளை ஒரு பார்வையில் எண்ணிவிடுவார். ஆட்டிசம் என்றதும் உலகம் நினைத்துக்கொண்ட முகம் அதுவானது. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக், ஆட்டிசம் உள்ளவரே அல்லர் என்றும் வேறொரு மரபணு நிலை அவருக்கு இருந்திருக்கக்கூடும் என்றும் பின்னாளில் மருத்துவர்கள் கருதினார்கள். படம் அதற்குள் தன் வேலையை முடித்துவிட்டது. 2007இல் ‘தாரே ஜமீன் பர்’ வந்தது. அதில் வருவது டிஸ்லெக்சியா. ஆனால் சூத்திரம் இதேதான். எழுத்து வராமல் அவமானப்பட்ட சிறுவன், பள்ளி ஓவியப் போட்டியில் வென்ற பிறகே ஏற்கப்படுகிறான். அவன் ஓவியம் பரிசு பெறாமல் போயிருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும் என்று படமும் கேட்கவில்லை, கண்ணீர் விட்ட நாமும் கேட்கவில்லை. 2013இல் தமிழில் ‘ஹரிதாஸ்’. ஆட்டிசம் உள்ள சிறுவன் மாரத்தான் ஓடுகிறான். கவனமாக எடுக்கப்பட்ட படம்தான். ஆனாலும் தகப்பனின் தவிப்புக்கு விடை ஒரு பந்தயத்தில்தான் கிடைக்கிறது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஆட்டிசம் உள்ள குழந்தையின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், பெற்றோரிடம் திரட்டிய தகவல்களை 1978இல் வெளியிட்டார். ஏறத்தாழ 5,400 குழந்தைகளில் தனித்த அபாரத் திறன் இருப்பதாகப் பெற்றோர் சொன்னது சுமார் 10 சதவீதம். பெற்ற மனம் குறைத்துச் சொல்லியிருக்காது. வரையறையை நெகிழ்த்திப் பிற்காலத்தில் சிலர் இதைவிடக் கூடுதலாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள். எந்தக் கணக்கிலும் பெரும்பான்மை வெளியேதான் நிற்கிறது. லண்டனின் ஸ்டீபன் வில்ட்ஷயர், ஒரு முறை ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்துவிட்டு முழு நகரத்தையும் நினைவிலிருந்து வரைகிறார். டெம்பிள் கிராண்டின், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியராக இருந்து அமெரிக்க இறைச்சிக்கூடங்களின் வடிவமைப்பையே மாற்றினார். இருவரும் வியப்புக்குரியவர்கள். ஆனால் விஸ்வநாதன் ஆனந்தைக் காட்டி ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்குள்ளும் ஒரு சதுரங்கச் சாம்பியன் உறங்குவதாக யாரும் விழா எடுப்பதில்லையே.

செத்துப்போன மேதைகளுக்கு நோயறிதல் எழுதுவது இதன் அடுத்த படி. ஐன்ஸ்டீனுக்கும் நியூட்டனுக்கும் இந்தப் பட்டம் கிடைத்தாகிவிட்டது. அயர்லாந்து மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஆட்டிசத்தையும் படைப்பாற்றலையும் இணைத்து 2004இல் எழுதிய நூலில் நம் ராமானுஜனையும் சேர்த்துக்கொண்டார். கல்லூரி விழாக்களின் பேனரில் ராமானுஜன் முகம் இடம்பெற அது போதுமான காரணம். ராமானுஜனுக்கு ஆட்டிசம் இருந்ததா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. கணிதம் தவிர மற்றவற்றில் மனம் செல்லாத அந்த மாணவர் ஆங்கிலத்தில் தேறாததால், கும்பகோணம் அரசுக் கல்லூரியின் உதவித்தொகை அவர் கைவிட்டுப் போனது. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் அவரால் எஃப்.ஏ. தேர்வைத் தாண்ட முடியவில்லை. ஒரு கல்லூரி ராமானுஜன் வாழ்க்கையிலிருந்து பாடம் படிக்க விரும்பினால், படிக்க வேண்டியது அவர் மூளையைப் பற்றி அல்ல, தன் விதிமுறைகளைப் பற்றி. நாம் மூளையைக் கொண்டாடுகிறோம்; விதிமுறை அப்படியே இருக்கிறது.

திறமையைக் கொண்டு மனிதரை மதிப்பிடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு ஆட்டிசத்தின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் வெளியிட்ட ஆய்வில், தான் கவனித்த சில சிறுவர்களின் தனித்த சிந்தனையையும் அவர்களால் சமூகத்துக்குக் கிடைக்கக்கூடிய பயனையும் எடுத்துச் சொன்னார். அதற்காகவே நெடுங்காலம் குழந்தைகளின் காவலராகப் போற்றப்பட்டார். வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களிலிருந்து வெளிக்கொண்டுவந்தது வேறு கதை. நாஜி ஆட்சியில், தேறமாட்டார்கள் என்று கருதப்பட்ட சில குழந்தைகளை ‘அம் ஷ்பீகல்குருண்ட்’ என்ற இடத்துக்கு அனுப்பும் பரிந்துரையில் ஆஸ்பெர்கருக்குப் பங்கு இருந்தது. மருத்துவமனை என்ற பெயரில் இயங்கிய அந்த இடத்தில் 789 குழந்தைகள் மாண்டார்கள். கல்லூரி விழாவில் கைதட்டுபவர்கள் அந்தக் கொடுமையின் வாரிசுகள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அபாண்டம். ஆனால் ‘இவர்கள் பயன்படுவார்கள், ஆகவே மதிப்புள்ளவர்கள்’ என்ற வாக்கியத்தை உச்சரிக்கும்போதே அதன் மறுபாதியும் எழுதப்பட்டுவிடுகிறது. யாரும் வாய்விட்டுப் படிக்காவிட்டாலும் அது தாளில் இருக்கிறது.

சரி, திறமை உள்ளவர்களாவது பிழைத்தார்களா? அதுவும் இல்லை. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள சுமார் 27,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருப்பவர்கள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு மற்ற மக்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அந்தக் குறைபாடு இல்லாதவர்களுக்கோ, அதாவது படித்துப் பட்டம் பெற்று ‘பார்த்தால் தெரியவே இல்லையே’ என்று பாராட்டப்படுபவர்கள் இருக்கும் பிரிவினருக்கோ, ஒன்பது மடங்குக்கு மேல். காரணங்கள் பல இருக்கலாம். நாள் முழுக்கத் தன் இயல்பை மறைத்து, கண்ணைப் பார்த்துப் பேசி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு சுருண்டு விழும் வாழ்க்கையைப் பற்றி ஆட்டிசம் உள்ளவர்களே நிறைய எழுதியிருக்கிறார்கள். கீபோர்டு வாசித்த பையன் அடுத்த சில ஆண்டுகளில் அதே கல்லூரியில் சேர்ந்தால் வாழப்போவது இந்த வாழ்க்கையைத்தான். மேடையில் பத்து நிமிடம் அவனுக்காக எழுந்து நின்ற அரங்கம், மெஸ்ஸில் அவன் தனியே உட்கார்ந்து சாப்பிடுவதைக் கவனிக்குமா?

படைப்பாற்றலுக்கு வருகிறேன். ‘ஆட்டிசம் இருந்தால் படைப்பாற்றல் கூடும்’ என்பதும் ‘ஆட்டிசம் இருந்தால் கற்பனை இராது’ என்பதும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள். பிரிட்டனில் கிழக்கு ஆங்கிலியா, ஸ்டிர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். காகிதக் கிளிப் போன்ற சாதாரணப் பொருள் ஒன்றை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று 312 பேரிடம் இணையவழியில் கேட்டார்கள். ஆட்டிசக் கூறுகள் அதிகம் உடையவர்கள் சொன்ன விடைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவற்றில் மற்றவருக்குத் தோன்றாதவை அதிகம். ஒரே ஆய்வை வைத்துச் சட்டம் வகுக்க முடியாது. பங்கேற்றவர்களில் பலர் ஆட்டிசம் உறுதிசெய்யப்பட்டவர்களும் அல்லர். ஆயினும் அது ஒரு நல்ல கேள்வியைக் கையில் கொடுக்கிறது: நாம் படைப்பாற்றலை எதைக் கொண்டு அளக்கிறோம்?

நம் கல்லூரிகளின் கல்ச்சுரல்ஸைப் பாருங்கள். ‘ஜாம்’ போட்டியில் தயக்கம் இல்லாமல் ஒரு நிமிடம் பேச வேண்டும். நடுவில் மற்றவர்கள் குறுக்கிட்டுப் பிடுங்குவார்கள், திருப்பிப் பிடுங்க வேண்டும். ‘டம்ப் ஷராட்ஸ்’ முழுக்க முழுக்க முகபாவத்தையும் சைகையையும் நொடியில் படிக்கும் ஆட்டம். ‘ஆட்ஸாப்’பில் தலைப்புக் கொடுத்த சில நிமிடங்களில் குழுவாக ஒரு விளம்பரத்தை நடித்துக் காட்ட வேண்டும். பட்டிமன்றம் என்றால் அரங்கத்தின் நாடி பிடித்துச் சிரிக்கவைக்க வேண்டும். எல்லாம் நல்ல விளையாட்டுகள். எல்லாமே வேகத்தையும் முகம் படிக்கும் திறனையும் குழுவோடு உடனடியாக ஒட்டும் சாமர்த்தியத்தையும் மட்டுமே அளப்பவை. ஆறு மாதம் ஒரே விஷயத்தை விடாமல் துருவி, வினோதமான ஒன்றைச் செய்து முடிக்கும் மாணவிக்கு இந்தப் பட்டியலில் எந்தப் போட்டி? ஆண்டில் மூன்று நாள் அவரை வெளியே வைத்துவிட்டு, நான்காவது நாள் அவருக்கென ஒரு விழா எடுத்து ‘மறைந்திருக்கும் திறமையை வெளிக்கொணர்வோம்’ என்கிறோம். மறைத்தது யார்?

ஆட்டிச மனிதர்களின் பெரும் படைப்பு நம் கண்ணில் படவில்லை என்றேன். அது ஓவியத்திலும் இல்லை, கீபோர்டிலும் இல்லை. கூடிவாழும் முறையில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆட்டிச மாநாடுகள் பெற்றோருக்கும் நிபுணர்களுக்குமாக நடந்தன. ஆட்டிசம் உள்ளவர்கள் அங்கே போனால் கூச்சலும் விளக்கும் அறிமுகப் பேச்சும் அவர்களைச் சுருட்டிப்போட்டன. 1992இல் ஜிம் சின்க்ளேரும் சிலரும் சேர்ந்து ‘ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 1993இல் டொராண்டோ மாநாட்டில் சின்க்ளேர் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்று பேசியது இந்த இயக்கத்தின் முதல் குரல்களில் ஒன்று. 1996இல் நியூயார்க் மாநிலத்து முகாம் ஒன்றில் ‘ஆட்ரீட்’ என்ற கூடலைத் தொடங்கினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக நடத்திய சந்திப்பு அது. 2013 வரை நடந்தது.

அங்கே என்ன செய்தார்கள்? வந்தவர்கள் நிறப் பேட்ஜ் அணிந்தார்கள். சிவப்பு என்றால் இப்போது யாரும் என்னிடம் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் முன்பே அறிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால் பேச ஆசை, ஆனால் தொடங்கத் தெரியவில்லை, நீங்களே வந்து தொடங்குங்கள். வாசனைத் திரவியம் கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. எல்லா நிகழ்ச்சியும் விருப்பப்பட்டவருக்கு. வராதவரை எவரும் நச்சரிக்கக் கூடாது. வாய்ப்பு உண்டு, வற்புறுத்தல் இல்லை என்பதே அவர்களின் கொள்கை. புலன்களின் மிகையுணர்வை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது 2013இல்தான். முகாமில் கூடியவர்கள் 17 ஆண்டுகளுக்கு முன்பே அதை வைத்து ஒரு சமூக ஒழுங்கையே கட்டிவிட்டார்கள். சமூக உணர்வும் கற்பனையும் இல்லாதவர்கள் என்று பாடநூல் யாரைச் சொன்னதோ அவர்கள்தான் இதைச் செய்தார்கள். பெரிய கூட்டத்தில் பேசத் தயங்கும் ஒருவர் தன் மனநிலையை வாய் திறக்காமல் மரியாதையாக அறிவிக்க ஒரு வழியை, உலகின் அத்தனை கூச்ச சுபாவிகளும் காலங்காலமாகத் தவித்தும் கண்டுபிடிக்கவில்லை.

ஆய்வுலகம் இதைத் தாமதமாகப் பின்தொடர்ந்தது. ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் ஒரு வாதத்தை வைத்தார். புரிதல் பிசகுவது இரு தரப்புக்கும் நடுவில். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் புரியாதது போலவே மற்றவருக்கும் அவர் புரிவதில்லை. பழியை மட்டும் ஒரு தரப்பு சுமக்கிறது. எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையை எட்டுப் பேர் சங்கிலியில் ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலி, மற்றவர்களின் சங்கிலிக்கு இணையாகக் கதையைக் காப்பாற்றியது; இரு வகையினரும் கலந்த சங்கிலியில்தான் கதை அதிகம் சிதைந்தது. பின்னர் பெரிய அளவில் நடந்த மறுஆய்வில் கலந்த சங்கிலியின் பின்னடைவு தென்படவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களின் சங்கிலி பின்தங்கவில்லை என்ற முடிவு இரண்டிலும் நின்றது. கருத்துப் பரிமாற்றமே வராது என்ற முத்திரைக்கு இது போதுமான அடி.

‘நரம்பியல் பன்மை’ என்ற கருத்து இந்த இயக்கத்தின் மண்ணில்தான் முளைத்தது. ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் 1998இல் தன் ஆய்வேட்டில் அதை எழுதினார். அதற்கு முன்பே இணையக் குழுக்களில் பலர் சேர்ந்து அதைப் பேசிப் பேசி உருவாக்கியிருந்தார்கள். மூளைகள் பலவிதம், அவற்றுக்கு இடம் தருவது சமூகத்தின் கடமை என்பது அதன் சாரம். இது உரிமைக் கோரிக்கை. நம் விழாக்கள் இதைத் திறமைப் பாராட்டாக மொட்டையடித்துவிட்டன.

இங்கே எதிர்த்தரப்பு எழுந்து கேட்கும்: “விழா என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும். நாலு பேருக்காக நாலாயிரம் பேர் வாயைப் பொத்திக்கொள்வதா?” இதே கேள்வி 2018இல் இங்கிலாந்தில் பெரும் கூச்சலாக எழுந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழக மாணவர் சங்கம், தன் கூட்டங்களில் கைதட்டலுக்குப் பதிலாக, பிரிட்டிஷ் சைகை மொழியில் இருப்பதுபோல் இரு கைகளையும் உயர்த்தி அசைத்துப் பாராட்டலாம் என்று தீர்மானித்தது. ஆட்டிசம் உள்ளவர்களையும் பதற்றம் உள்ளவர்களையும் திடீர் இரைச்சல் துன்புறுத்துகிறது என்பது காரணம். நாட்டின் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் இதைக் ‘கைதட்டலுக்குத் தடை’ ஆக்கி, தொட்டாற்சிணுங்கித் தலைமுறை என்று கெக்கலித்தன. சங்கம் எவர் கையையும் கட்டிப்போடவில்லை. தன் மன்றத்தில் வேறொரு வழக்கத்தைக் கொண்டுவந்தது, அவ்வளவே. மறு ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் சங்கம் அதே போன்ற முடிவை எடுத்தபோது அதே கேலி திரும்பவும் வந்தது. கேலிக்கு நடுவில் ஒரு கேள்வி மட்டும் நியாயமானது: பார்வையற்றவருக்கு அசையும் கைகள் எப்படித் தெரியும்? தெரியாதுதான். ஆகவே தலைமை தாங்குபவர் ‘அவை கையசைத்துப் பாராட்டுகிறது’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும். ஒருவர் தேவை மற்றவர் தேவையோடு மோதும் இடத்தில்தான் உண்மையான படைப்பாற்றல் தேவைப்படுகிறது. அதை எள்ளி ஒதுக்குபவர்கள் யோசிப்பதற்குச் சோம்பல்படுகிறார்கள்.

சத்தமே கூடாது என்று நானும் சொல்லவில்லை. பறையும் செண்டையும் டிஜேயும் இருக்கட்டும். அவை ஒலிக்காத ஓர் அறையும் இருக்கட்டும். 2011இல் நியூயார்க்கின் பிராட்வேயில் ‘லயன் கிங்’ நாடகத்தின் ஒரு காட்சியை ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பங்களுக்காக நடத்தினார்கள். உறுத்தும் ஒலியையும் ஒளியையும் குறைத்தார்கள், எழுந்து நடக்கவும் வெளியே போய் வரவும் அனுமதித்தார்கள், ஓய்வெடுக்க இடம் ஒதுக்கினார்கள். கதையில் ஒரு வரி குறையவில்லை. கோடிகள் புழங்கும் வணிக அரங்குக்கு முடிந்தது நம் கல்லூரி விழாக்குழுவுக்கு முடியாதா? நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்பே, நேரத்தோடு, வெளியிட்டு அதன்படி நடத்துவதற்கு எவ்வளவு செலவாகும்? சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வரும் நம் வழக்கம், ஆட்டிசம் உள்ளவருக்கு எந்தப் பறையையும்விடப் பெரிய வதை. அந்தச் சீர்திருத்தம் மற்ற எல்லோருக்கும் இலவச லாபம்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது, பெற்றோரிடமிருந்து வருகிறது. “பேசத் தெரிந்தவர்களும் எழுதத் தெரிந்தவர்களும் நரம்பியல் பன்மை பேசலாம். என் பிள்ளைக்கு இருபது வயது. பேச்சு இல்லை. தன்னையே அடித்துக்கொள்கிறான். எனக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள்? இதில் எங்கே பன்மை, எங்கே கொண்டாட்டம்?” இந்தக் கேள்வியின் முன் தலைகுனிந்துதான் பேச வேண்டும். வாழ்நாள் முழுதும் நாள்தோறும் துணை தேவைப்படுபவர்களைத் தனியே கவனிக்க வேண்டும் என்று ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2021இல் வலியுறுத்தியதும் இதனால்தான். ஆனால் இந்தப் பிள்ளையை வெளியே தள்ளியது எது? மேடையேற்ற ஒரு திறமை இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. ஆட்டிச விழிப்புணர்வு விழாவிலேயே அவனுக்கு இடமில்லை. ஸ்பீக்கர் முழங்கினால் அலறுவான், விழா கெட்டுவிடும். உரிமை என்பது திறமையைப் பொறுத்தது அல்ல என்று ஒப்புக்கொண்டால் மட்டுமே அவனுடைய பராமரிப்புக்கான அரசுச் செலவும் தாய்க்கு ஓய்வு தரும் ஏற்பாடும் கருணையாக இல்லாமல் கடமையாகும். வரம் என்று பாடிவிட்டால் வரத்துக்கு யார் உதவித்தொகை கொடுப்பார்கள்?

சட்டம் நம் விழாக்களைவிடத் தெளிவாக இருக்கிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்க்கையில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்குகொள்ளும் உரிமையை முதலில் வைக்கிறது. படைப்பாற்றலை வளர்க்கும் வாய்ப்பை அதற்கு அடுத்துத்தான் பேசுகிறது. அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில், வரையறுத்த அளவு குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது. 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், தேர்வில் தனக்காக எழுதித் தருபவரின் உதவி பெற அந்த வரையறுத்த அளவைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டம் தேவையைக் கேட்கிறது. எந்த இடத்திலும் அது திறமையைக் கேட்கவில்லை.

ஆகவே கல்லூரிகள் செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆட்டிச நாளை நடத்தும் குழுவில் ஆட்டிசம் உள்ள மாணவர்கள் பாதிப் பேராவது இருக்கட்டும். தன்னை வெளிப்படுத்திக்கொள்ள விரும்பாதவரைத் துருவ வேண்டாம். அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி 2012இல் நரம்பியல் பன்மைக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, ஆட்டிசம் உள்ள எழுத்தாளர் ஜான் எல்டர் ராபிசனை வளாகத்துக்கு அறிஞராகவே அழைத்தது. காட்சிப் பொருளாக அழைக்கவில்லை. ஏப்ரல் 2க்குச் செலவிடும் நீல விளக்குப் பணத்தில், ஆண்டு முழுவதும் கதவு திறந்திருக்கும் ஓர் அமைதி அறையைக் கல்ச்சுரல்ஸுக்கும் தேர்வுக்கும் சேர்த்து அமைக்கலாம். ஜாம் போட்டிக்குப் பக்கத்தில், மூன்று மாதம் முன்பே தலைப்புக் கொடுத்துத் தனியாகச் செய்து அனுப்பும் ஒரு போட்டியை வைக்கலாம். நிறப் பேட்ஜை மாணவர் அனைவருக்கும் கொடுத்துப் பாருங்கள். யார் யாரெல்லாம் சிவப்பைக் குத்திக்கொள்கிறார்கள் என்பதைக் கண்டு நீங்களே திகைப்பீர்கள்.

மேடையையும் மூட வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர் பாட விரும்பினால் பாடட்டும், மற்ற மாணவர்களோடு அதே பட்டியலில், அதே நடுவர்கள் முன்னால். நன்றாகப் பாடினால் பரிசு கொடுங்கள். சுதி விலகினால் விலகியது என்று சொல்லுங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்காதீர்கள். நம் கல்லூரிகளில் படிக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகள் சுமாராகப் பாடி, சுமாராக ஆடி, சுமாரான மதிப்பெண் வாங்கி, யாருக்கும் எதையும் நிரூபிக்காமல் கேன்டீனில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அவர்களில் எவரிடமும் மேதைமைக்குச் சான்றிதழ் கேட்டு நாம் உள்ளே விட்டதில்லை. சுமாராக இருந்துகொண்டே முழு உரிமையோடு வாழும் அந்தச் சலுகையைத்தான் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். அதைக் கொடுக்காத வரை, வரம் என்று நாம் பாடுவது அவர்களுக்காக அல்ல, நம் மன நிம்மதிக்காக.